படப்பெட்டிக்கு வைத்த பொட்டு

ஆவுடைநாயகம் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டால் முதலில் சாப்பாடு குறையும், அடுத்தபடி பேச்சு குறையும், வெற்றிலை மட்டும் கூடிக்கொண்டே போகும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பிரம்மநாயகி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். களத்தில் நெல் அளக்கிறவன் மேல் ஒரு வருஷம், துணி வெளுக்கிறவன் மேல் ஒரு வருஷம், கோவில் பண்டாரத்தின் மேல் ஒரு வருஷம் என்று வரும். கொஞ்ச நாள் இருக்கும், தானாகப் போய்விடும். அவளும் மழைக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி வாயைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவாள். ஆனால் அந்த வருஷம் ஆனிச் சாரலோடு வந்த சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கூடப்பிறந்த தம்பி சிவசண்முகத்தின் மேலேயே பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

புது ராசாவுக்கு டில்லியில் தர்பார் நடந்ததற்கு அடுத்த வருஷம் அது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் கரையடியூர். கார்ப்பருவ நெல் நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஊருக்குள் பிள்ளைவீடு, மலையை ஒட்டினாற்போல ஒரு வாழைத்தோட்டம், தோட்டத்துக்குள் மாட்டுத்தொழு. சிவசண்முகத்துக்கு ராத்தங்கல் அங்கேதான். ஊரார் மாடெல்லாம் ஊருக்குள் கட்டிக் கிடக்க, இவர்கள் மாடு மட்டும் மலை வாசலில் கட்டிக் கிடந்தது. வாழைக்கு எரு வேண்டும் என்று அப்படிக் கட்டச் சொன்னதே ஆவுடைநாயகம்தான்.

வைகாசிக் கடைசியில் செவலைப் பசுவின் நெற்றிச்சுட்டிக் கன்று காணாமல் போயிற்று. ஆனி பிறந்ததும் மயிலையின் கன்று. ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு துண்டு எலும்பில்லை. சாரல் பெய்து ஓய, பெய்து ஓய, தரையில் கால்தடம் என்று எதுவும் நிற்கவில்லை. சிறுத்தைதான் என்றான் சிவசண்முகம். மாடுகள் விடிகிற நேரத்தில் மிரண்டு கயிற்றை இழுத்ததைச் சொன்னான். ஆவுடைநாயகம் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, ஊரில் வேறு எவன் வீட்டுக் கன்றும் போகவில்லையே, நம் வீட்டுக் கன்று என்ன தித்திப்பா என்று மட்டும் கேட்டார்.

இதில் பங்காளி தில்லைநாயகம் வேறு வந்து சேர்ந்தார். செங்கோட்டைப் பாதையில் மலையாளத்துக்குப் போகிற மாட்டு மந்தையில் நெற்றிச்சுட்டியோடு ஒரு செவலைக் கன்றைப் பார்த்ததாகவும், நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்றும், பார்த்ததைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்று ராத்திரி ஆவுடைநாயகம் பிள்ளை சொதியில் பாதியை இலையிலேயே ஒதுக்கினார்.

மறுநாள் காலை பிரம்மநாயகி வெந்நீர் கொண்டுபோய் வைத்தபோது மெள்ளக் கேட்டார்.

"ஏளா, உன் கொழுந்தன் புது வேட்டி கட்டியிருக்கானே, பாத்தியா?"

"பாக்காம என்ன, நாந்தானே எடுத்துக் குடுத்தேன். பழசு தோட்டத்து முள்ளுல கிழிஞ்சு தொங்குது."

"நீ எடுத்துக் குடுத்தியா?" என்று அவர் அவள் முகத்தையே பார்த்தார். "சரி சரி. எனக்குத் தெரியாதுல்லா."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் இந்த வீட்டுக்குள் வந்தபோது சிவசண்முகத்துக்குப் பால்பல் விழவில்லை. தாயில்லாப் பிள்ளை. அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். அவளுக்கு வயிறு திறக்கவே இல்லை. திறந்திருந்தாலும் அவன்தான் மூத்ததாக இருந்திருப்பான். அவனுக்கு உலகம்மாளைக் கட்டிவைத்து, ஓரகத்திகள் ரெண்டு பேரும் ஒரே அடுப்பில் பொங்கி ஒரே குழம்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் ரெண்டாவது அடுப்பு புகையக் கூடாது என்பதைத் தவிர அவள் சாமியிடம் வேறு எதையும் உருக்கமாகக் கேட்டதில்லை. இப்போது அந்த அடுப்புக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பாளையங்கோட்டையில் வக்கீலைப் பார்த்துப் பாகப்பிரிவினை பற்றி விசாரித்துவிட்டு வரத் தன் புருஷன் கிளம்புகிறார் என்பதை, அவர் சொல்லாமலே, கோர்ட்டுக்குப் போகும்போது மட்டும் போடுகிற அங்கவஸ்திரத்தைப் பெட்டியில் எடுத்து வைத்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

பாளையங்கோட்டைக்குப் போனவர் வக்கீலோடு வரவில்லை. ஒரு போட்டோக்காரரோடு வந்தார்.

தாஜ் முகம்மது மேலப்பாளையத்துக்காரர். பாளையங்கோட்டையில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். கொஞ்ச காலம் ஒரு வெள்ளைக்காரத் துரையோடு மலை மலையாகச் சுற்றியவர். மிருகம் தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்கிற வித்தையை அந்தத் துரையிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். பாதைக்குக் குறுக்கே கறுப்பு நூல் கட்ட வேண்டும். நூலை எது இடறினாலும் ஒரு வில் விடுபடும். வில் விடுபட்டால் தகரத்தட்டில் கொட்டிய வெள்ளைப் பொடி மின்னல் மாதிரி எரியும், அதே இமைப்பில் பெட்டி கண்ணைத் திறந்து மூடிக்கொள்ளும். வருவது புலியானாலும் சரி, மனுஷனானாலும் சரி, கண்ணாடித் தகட்டில் உள்ளபடி விழுந்துவிடும்.

மனுஷனானாலும் சரி என்ற இடத்தில் ஆவுடைநாயகம் தம்பியைப் பார்த்தார். சிவசண்முகம் அதைக் கவனித்துக்கொண்டே, "வைங்க அண்ணாச்சி, நல்லா வைங்க. எனக்கும் அதுதான் வேணும்" என்றான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று பிரம்மநாயகி சந்தோஷப்பட்டாள். ஆவுடைநாயகமோ, இவன் இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறானே, ஏதோ உள்ளே இருக்கிறது என்று அதற்கும் ஒரு வெற்றிலையை மடித்தார்.

படப்பெட்டி வைக்கிற அன்றைக்கு வானம் கொஞ்சம் வெளிவாங்கியிருந்தது. ஓடையிலிருந்து தொழுவுக்கு வருகிற ஒற்றையடிப் பாதையில் இடம் பார்த்தார் தாஜ் முகம்மது. ஒரு ஆட்டைக் கட்டிவைத்தால் சீக்கிரம் காரியம் முடியும் என்று அவர் வாயெடுத்ததும், சைவ வீட்டில் அந்தப் பேச்சே ஆகாது என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மாசத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். முளை அடித்து, அதன்மேல் பெட்டியை ஏற்றி, சாரல் படாமல் இருக்க மேலே பனையோலையால் ஒரு மறைப்புக் கட்டினார்கள். வெள்ளைப் பொடி நமத்துப் போகாமல் எண்ணெய்ச் சீலையில் சுற்றி இருந்தது. முழங்கால் உயரத்தில் நூலைக் கட்டி, இழுத்துப் பார்த்து, தளர்த்தி, மறுபடி கட்டினார். ஒரு முயல் இடறினாலும் எரியக் கூடாது, ஒரு கன்று இடறாமல் தாண்டவும் கூடாது என்று அதில் ஒரு கணக்கு இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டைப் பிரம்மநாயகியும் உலகம்மாளும் கொண்டுபோயிருந்தார்கள். கூட்டாஞ்சோறும் கூழ்வற்றலும். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் போட்டோக்காரர் தொழுகைக்கு ஓடைப்பக்கம் போனார். அண்ணனும் தம்பியும் வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போனார்கள். பிரம்மநாயகி இடுப்பிலிருந்த சிமிழை எடுத்தாள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் புதுசாக எது வந்து வேலைக்கு நின்றாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார்கள். வண்டி வந்தால் நுகத்தடிக்கு, ஏர் வந்தால் மேழிக்கு, ஆட்டுக்கல் வந்தால் குழவிக்கு. போன வருஷம் வந்த தையல் மிஷினுக்குக்கூட அவள்தான் வைத்தாள். வைக்காமல் ஒரு சாமானை ஏவினால் அது கோபித்துக்கொள்ளும். அதிலும் இது கண்ணுள்ள சாமான். கறுப்புத்தோல் போர்த்த அந்தப் பெட்டியில் நெற்றி என்று ஒரு இடம் தெரியவில்லை. நட்டநடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி, பொட்டு வைக்கவென்றே செய்தது மாதிரி இருந்தது. சந்தனத்தைக் குழைத்துக் கட்டியாக அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினாள். 'தாயே, எம்பிள்ளை மேல பழி விழாம நீதான் பாத்துக்கிடணும்' என்று மனசுக்குள் சொல்லி, சூடத்தைச் சுற்றிக் காட்டினாள். உலகம்மாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டோக்காரர் திரும்பி வந்தபோது ஓலை மறைப்பு தாழ்ந்து, நிற்கிறவர் கண்ணுக்குப் பெட்டியின் முகம் தெரியாமல் இருந்தது. அவர் நூலை மட்டும் சரிபார்த்துவிட்டு நடந்தார்.

அன்று ராத்திரியே மலைப்பக்கம் ஒரு வெளிச்சம் வெட்டியதை ஊரில் பாதிப்பேர் பார்த்தார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் நூல் அறுந்திருந்தது, பொடி எரிந்திருந்தது. கன்றுகள் பத்திரமாக நின்றன. தாஜ் முகம்மது தகட்டை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, நெல் கொட்டுகிற இருட்டறையில் சிவப்புக் கண்ணாடி விளக்கோடு புகுந்துகொண்டார். தகட்டைக் கழுவியானபின் அதைக் காகிதத்தில் இறக்கச் சூரியன் வேண்டும். ஆனிமாசத்துச் சூரியன் அந்த மலையடியில் முகம் காட்டுவதாக இல்லை. ரெண்டு நாள் சட்டத்துக்குள் காகிதத்தை வைத்துக்கொண்டு முற்றத்தில் வானம் பார்த்தார்கள். அந்த ரெண்டு நாளும் வீட்டில் யாரும் யாரோடும் மனசுவிட்டுப் பேசவில்லை. கடைசியில் ஒரு உச்சிப்பொழுதில் வெயில் எட்டிப் பார்த்தது.

காகிதத்தில் விழுந்தது என்ன என்று கேட்டால் என்ன சொல்ல? எல்லாம் புகை. நடுவில் என்னவோ ஒன்று குனிந்தாற்போல நின்றது. நாலு காலா, ரெண்டு காலும் ரெண்டு கையுமா, சொல்ல முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆவுடைநாயகம் அதைத் தூக்கிப் பிடித்து, இது ஆள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து போகிறான் என்றார். இது சிறுத்தை, இந்தா வால் என்று காட்டினான் சிவசண்முகம். அது வாலில்லை, கையில் பிடித்த கயிறு என்றார் அண்ணன். உலகம்மாளுக்கு அது ஒரு சமயம் புலியாகவும் ஒரு சமயம் தில்லைநாயகம் மாமாவாகவும் தெரிந்தது. பிரம்மநாயகி எட்டிப் பார்க்கவே இல்லை. எதைப் பார்த்தாலும் தன் ஆசைதான் அதில் தெரியும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

தாஜ் முகம்மதுக்குத்தான் அவமானமாகப் போயிற்று. இப்படி ஒரு படம் தன் கையிலிருந்து வந்ததே இல்லை என்று பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோனவர் முகம் மாறியது.

"அண்ணாச்சி, இதுல சந்தனம்லா அப்பியிருக்கு. காஞ்சு வெடிச்சு நிக்குது. இந்த விளிம்புச் சந்து வழியாத்தான் அது பாத்திருக்கு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்."

"நாந்தான் பொட்டு வச்சேன்" என்றாள் பிரம்மநாயகி உடனே. "புதுச் சாமானாச்சேன்னு வச்சேன். அது அப்படி மறைக்கும்னு எனக்குத் தெரியாது."

போட்டோக்காரர் சிரித்துவிட்டார். அவர் கடையில்கூட ஒரு கிழவர் படம் எடுக்கிற முன்னால் பெட்டிக்குத் திருநீறு பூச வந்ததைச் சொன்னார். சிவசண்முகமும் சிரித்தான். ஆவுடைநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு வைக்கச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. எல்லாத்துக்கும் நான் வைக்கதுதானே?"

"எல்லாத்துக்கும் வைப்ப. கண்ண மறைச்சு எதுக்காவது வச்சிருக்கியா? தையல் மிஷினுக்கு ஊசியிலயா வச்ச?"

அவர் கேட்டது நியாயம் மாதிரி இருந்ததுதான் அவளைக் கொன்றது. அன்று முழுக்க அரிசி களையும்போதும், துவையல் அரைக்கும்போதும், தன் கையையே பார்த்துக்கொண்டாள். பழி விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதானே வைத்தாள்? கை பாட்டுக்கு வைத்ததா, மனசு வைக்கச் சொல்லிற்றா? சிவசண்முகம் மேல் அவளுக்கு ஒரு பொட்டுச் சந்தேகமும் இல்லை என்றால், பெட்டி பார்க்கிறதைப் பற்றி அவளுக்கென்ன பயம்? இப்படி ஒரு கேள்வியைத் தனக்குள் போட்டுவிட்டாரே என்று புருஷன் மேல் கோபம் வந்தது. வீட்டுக்குள் வந்த சந்தேகம் அவளையும் விடவில்லை.

அதற்கப்புறம் ஆவுடைநாயகம் அவள் மடித்துக் கொடுத்த வெற்றிலையை வாங்கவில்லை. தானே எடுத்து, தானே சுண்ணாம்பு தடவி, தானே மடித்துக்கொண்டார். பேச்செல்லாம் உலகம்மாள் வழியாகப் போயிற்று. உன் அக்காளிடம் சொல்லு, மோர் புளிக்கிறது என்று. தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகிற வேலை நடவுக்காரப் பெண்ணிடம் போனது. பெட்டியைச் சுற்றி முள்வேலி போட்டு, பகலெல்லாம் அங்கேயே கட்டில் போட்டு உட்கார்ந்தார். போட்டோக்காரரைத் தவிர யாரும் கிட்டே போகக் கூடாது. அவரையும் வண்டிக்கொட்டகையில் தங்கவைத்து, படம் விழாமல் ஊருக்கு அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார். தாஜ் முகம்மதுக்கும் பிடிவாதம் வந்திருந்தது. கடை கிடக்கட்டும், என் பேரு கெடக் கூடாது என்று தங்கினார்.

ஒருநாள் சிவசண்முகம் புறவாசல் வழியாக வந்து அடுப்படியில் குந்தினான்.

"மதினி, எம்மேல உங்களுக்குச் சந்தேகமா?"

"போலே, கிறுக்குப்பயலே."

"பொறவு எதுக்குப் பெட்டிக் கண்ண மறச்சிய? அது தெளிவா விழுந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா. நீங்க வேணும்னுதான் செஞ்சியன்னு அண்ணாச்சி சொல்லுதாவ. நான் வித்தேன்னு நினைச்சு, என்னக் காப்பாத்ததுக்குச் செஞ்சியளோன்னு..."

"என்னல பேசுத?" என்று கேட்டவள், அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று கருப்பட்டிக் காப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துபோனான். வளர்த்த பிள்ளையும் தன்னை நம்பவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனி முடிகிற சமயத்தில் ஒரு விடியலில் மறுபடி வெளிச்சம் வெட்டியது. இந்தத் தடவை காராம்பசுவின் கன்றைக் காணோம். நூல் அறுந்து ஓடைப்பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. தாஜ் முகம்மது இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர் சீக்கிரமே வெளியே வந்து, அல்லாவின் பேரைச் சொல்லி, "விழுந்திட்டு அண்ணாச்சி" என்றார். அன்றைக்கு வெயிலும் ஒத்துழைத்தது. முற்றத்தில் சட்டத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வீடே அதைச் சுற்றி நின்றது. காகிதம் பழுப்பேறப் பழுப்பேற உருவம் எழும்பி வந்தது.

சிறுத்தை. முள்வேலியும் வாழைமட்டையும் எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தனவோ அவ்வளவு தெளிவாக, மேலெல்லாம் புள்ளியோடு, ஒரு முன்னங்காலைத் தூக்கினபடி. கண் ரெண்டும் காசு மாதிரி மின்னின. வாயில் கன்றின் கழுத்து. கன்றின் கால்கள் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தன.

சிவசண்முகம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். உலகம்மாள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். பிரம்மநாயகிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிற்று. கன்று செத்ததற்கு வருத்தப்படக்கூட மறந்துபோனாள். ராத்திரிக்கு ஒரு பாயசம் வைக்க வேண்டும், எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் போட வேண்டும் என்று அவள் மனசு அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டது.

ஆவுடைநாயகம் காகிதத்தை வாங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார், நிழலில் பிடித்துப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார்.

"சிறுத்தைதான்" என்றார். "இந்தக் கன்ன இது எடுத்திருக்கு. சரி. முன்னால போன ரெண்டு?"

போட்டோக்காரர்தான் பைய வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, ருசி கண்டது திரும்பத் திரும்ப வரத்தானே செய்யும். அந்த ரெண்டையும் இதுதான்..."

"நீரு பாத்தீரா வே? அதுக்குப் படம் இருக்கா?"

"இல்லை."

"இல்லைலா. இருக்கதுக்கு இருக்கு, இல்லாததுக்கு இல்லை. நான் ஒண்ணும் அநியாயமாப் பேசல."

சிவசண்முகம் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பிரம்மநாயகியால் தாங்க முடியவில்லை. போன கன்றுகளை இனி எந்தப் பெட்டியும் படம் பிடிக்காது. இந்த மனுஷனுக்கு ஊரிலுள்ள எல்லாப் பாதையிலும் நூல் கட்டினாலும் கட்டாத ஒரு பாதை அவருக்குத் தென்படும். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவரை வெட்கப்பட வைக்க வேண்டும் என்று நினைத்தாள். கோவில் தெருவைத் தாண்டினால் திசை தெரியாதவள், மாட்டுத்தரகன் ஒருத்தன் முகம்கூட அறியாதவள், சொல்லக்கூடியதிலேயே பெரிய பொய்யைத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அது ரெண்டையும் நாந்தான் வித்தேன்."

உலகம்மாள் "அக்கா" என்று கையைப் பிடித்தாள். பிரம்மநாயகி புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நீயா, போளா கிறுக்கி என்று அவர் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். அதோடு எல்லாம் கழுவிப் போய்விடும். ஆயுசு முழுக்க அவர் இலைக்கு முன்னால் குனிந்து பரிமாறியவளை அந்த அளவுக்காவது தெரியாமலா போய்விடும்?

ஆவுடைநாயகம் பிள்ளையின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் நிம்மதி வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றார்.

கோபம்கூட இல்லை அவர் குரலில். இவ்வளவு காலமும் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் அது இருந்த இடத்தைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். அவர் தன் மேல் கோபப்பட்டு அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. தான் சொன்னது பொய்யென்று இனி எத்தனை சத்தியம் செய்தாலும் எடுபடாது என்பதும், எடுபட வேண்டும் என்ற ஆசையே தனக்குப் போய்விட்டது என்பதும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தன. தாஜ் முகம்மது யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

சிவசண்முகம் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். "மதினி, எதுக்கு மதினி இப்பிடிச் சொன்னிய? நான் நம்பமாட்டேன்."

"நீயாவது நம்பாம இரு" என்றாள். அவள் குரல் உடையவில்லை. "தம்பி, நாளைக்கே பாளையங்கோட்டைக்குப் போ. உன் பாகத்தப் பிரிச்சு வாங்கிக்க. தோட்டத்த எடுத்துக்க, வயல்ல பாதிய எடுத்துக்க. கீழத்தெருவுல பூட்டிக் கிடக்க நம்ம வீட்ட ஒழிச்சு ஒரு அடுப்பப் போடுங்க. இங்கன உனக்குச் சோறு இறங்காது."

இவ்வளவு காலமும் எந்த வார்த்தை அந்த வீட்டில் விழக் கூடாது என்று அவள் விளக்கேற்றினாளோ, அந்த வார்த்தையை அவளே சொன்னாள். ஆவுடைநாயகம் மறுக்கவில்லை. படத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு நடவு பார்க்கக் கிளம்பினார்.

உலகம்மாள் அவள் கையை விடவே இல்லை. "அப்பம் நீங்களும் எங்ககூட வந்திருங்க அக்கா. இந்த மனுசர்கூட எப்பிடி இருப்பிய?"

பிரம்மநாயகி அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"நான் எங்கனட்டி வர?" என்றாள். "பிரிக்கதுன்னா அண்ணனுக்கும் தம்பிக்கும்தான் பிரிப்பாவ. எனக்கு ஏது பாகம்?"